ட்ராம்ப்லே: ஒரு வீட்டிலிருந்து ஒரு மாகாணம் வரை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் அதில் ஒருவர் பெயர் ட்ராம்ப்லே. மாகாணப் புள்ளியியல் நிறுவனம் 2006இல் வெளியிட்ட குடும்பப் பெயர்ப் பட்டியலில் முதலிடம் இந்தப் பெயருக்குத்தான்: மக்கள்தொகையில் 1.08 சதவீதம். அப்போதைய மக்கள்தொகை சுமார் 76 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 82 ஆயிரம் பேர்.

முதலிடம் என்பதைவிட, அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் வியப்பு. அதே பட்டியலில் மூன்றாமிடத்தில் இருக்கும் 'ருவா' என்ற பெயருக்கு 'அரசன்' என்று பொருள். பட்டப்பெயராகப் பல ஊர்களில் தனித்தனியாகத் தோன்றி, ஒன்றுக்கொன்று உறவில்லாத பல குடியேறிகள் கொண்டுவந்த பெயர் அது. இரண்டு ருவாக்கள் சந்தித்தால் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு ட்ராம்ப்லேக்கள் சந்தித்தால் கதை வேறு. ஏறக்குறைய எல்லோரும் 1657இல் கியூபெக் நகரில் திருமணம் செய்துகொண்ட ஒரே தம்பதியின் ஆண்வழி வாரிசுகள். நம் சொல்லில் சொன்னால் 82 ஆயிரம் பங்காளிகள்.

இந்தப் பெயரை எடுத்து ஆராய்வதில் ஒரு வசதி உண்டு. பிரான்ஸில் பல வேர்களும் கியூபெக்கில் ஏறக்குறைய ஒரே வேரும் கொண்ட பெயர் இது. ஒரு குடும்பப் பெயர் உறவை எப்போது காட்டும், எப்போது காட்டாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனைக்கூடம் கிடைப்பது கடினம்.

மரம், தோப்பு, ஊர், ஆள்

பிரெஞ்சில் 'ட்ராம்ப்ல்' என்பது ஒருவகைப் பாப்லர் மரம். சொல்லின் நேர்ப்பொருள் 'நடுங்குவது'. இதன் இலைக்காம்பு உருண்டையாக இல்லாமல் பக்கவாட்டில் நாடாபோலத் தட்டையாக இருக்கும். அதனால் மற்ற மரங்கள் அசையாமல் நிற்கும் மென்காற்றிலும் இதன் இலை முழுக்கப் படபடக்கும். அரச மரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சலசலப்பு புதிதல்ல.

மரப்பெயரோடு லத்தீன் 'எத்தும்' என்ற விகுதி சேர்ந்தால் அந்த மரம் கூட்டமாக வளரும் இடம் என்று பொருள். 'ட்ரெமுலெத்தும்' தேய்ந்து 'ட்ராம்ப்லே' ஆனது. ஓக் மரத்திலிருந்து ஷெனே, ஆல்டரிலிருந்து ஓனே, ஆஷ் மரத்திலிருந்து ஃப்ரெனே என்று இதே வாய்பாட்டில் வட பிரான்ஸ் முழுக்க ஊர்ப்பெயர்கள் உண்டு. ஆலங்காடு, வேலங்காடு என்று நாம் வைத்ததுபோலத்தான்.

ட்ராம்ப்லே என்ற பெயரில் ஊர்கள் ஒன்றிரண்டு அல்ல. பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தின் ஒரு பகுதி அமைந்திருக்கும் ட்ராம்ப்லே-ஆன்-ஃப்ரான்ஸ், பாரிஸுக்கு மேற்கே லெ ட்ராம்ப்லே-சுர்-மோல்த்ர் இரண்டும் பலருக்குத் தெரிந்தவை. ஊராகக்கூட வளராத பண்ணைகளும் குக்கிராமங்களும் இன்னும் பல. பெயர்க்காரணம் தேடுபவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள். 'ட்ராம்ப்லே என்ற ஊரிலிருந்து வந்த குடும்பம்' என்று எழுதிவிட்டு, வரைபடத்தில் கண்ணுக்குப்பட்ட முதல் ட்ராம்ப்லேயில் குத்தூசியைச் செருகிவிடுகிறார்கள்.

ஊர்ப்பெயர் ஓர் ஆளின் அடையாளமாக மாறுவதற்கு அந்த ஆள் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ட்ராம்ப்லேயில் வாழ்பவனை யாரும் 'ட்ராம்ப்லேக்காரன்' என்று கூப்பிடப்போவதில்லை. பக்கத்து ஊரில் குடியேறினால்தான் கூப்பிடுவார்கள். ஆக இந்தப் பெயர் பிறந்ததே ஒரு இடப்பெயர்ச்சியில். பெரும்பாலும் சில காத தூரத்துக்குள், இடைக்காலத்தில், எந்த ஆவணத்திலும் பதியாமல் நடந்த இடப்பெயர்ச்சி.

இன்னொரு பொறி, பிரபுத்துவம். பிரான்ஸ் அரசனின் முதலமைச்சர் கார்டினல் ரிஷ்லியூவின் அந்தரங்க ஆலோசகராக இருந்த கப்புச்சின் துறவி பேர் ஜோசஃபின் இயற்பெயர் ஃப்ரான்சுவா லெக்லேர் து ட்ராம்ப்லே. இவரைக் காட்டி 'நாங்கள் அந்த வம்சம்' என்று சொல்லும் மரவரைபடங்கள் உண்டு. அவருடைய குடும்பப் பெயர் லெக்லேர். 'து ட்ராம்ப்லே' என்பது குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தின் பெயர். நிலப்பெயரையும் குடும்பப் பெயரையும் பிரிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் சின்னம் பொறித்த கேடயங்கள் விற்பனையாகின்றன.

பெர்ஷ் வட்டாரத்திலிருந்து புறப்பாடு

பியேர் ட்ராம்ப்லே 1626 வாக்கில் பெர்ஷ் வட்டாரத்தின் ராந்தோனே கிராமத்தில் பிறந்தவர். தந்தை ஃபிலிபேர், தாய் ஜான் கோஞே. பெர்ஷ் என்பது நார்மண்டிக்குத் தெற்கே காடும் மேய்ச்சலும் கலந்த சின்ன நிலப்பகுதி. 1634க்குப் பிறகான சுமார் 30 ஆண்டுகளில் அங்கிருந்து கனடாவுக்குப் போனவர்கள் 150 பேர் அளவில்தான். கியூபெக்கின் பழைய குடும்பங்களில் பெர்ஷ் கலக்காதது அரிது என்ற நிலைக்கு அந்தச் சிறு கூட்டமே போதுமானதாயிற்று.

ஆள் சேர்த்த விதம் தொடர்வண்டிப் பெட்டிகள்போல. மோர்த்தாஞ் நகரைச் சுற்றி ரொபேர் ஜிஃபார் 1634இல் முதல் குழுவைத் திரட்டினார். கியூபெக் நகருக்குப் பக்கத்தில் போபோர் பகுதி அவருக்கு மானியமாகக் கிடைத்திருந்தது. அடுத்துத் தூரூவ்ர் ஊரில் ஜூஷெரோ சகோதரர்கள் ஆள் பிடித்தார்கள். அவர்களில் நோயெல் ஜூஷெரோ வழியாகத்தான் பியேர் 1647இல் கிளம்பினார். ராந்தோனேயும் தூரூவ்ரும் அடுத்தடுத்த ஊர்கள். தெரிந்தவர் தெரிந்தவரைக் கூட்டிப்போன கதைதான்.

போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நோட்டரி முன் எழுதப்படும் ஒப்பந்தம் வழக்கமாக 3 ஆண்டுகள். அதனால் 'முப்பத்தாறு மாதக்காரர்' என்றே அவர்களுக்குப் பெயர். பயணச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு, கூலி ஆண்டுக் கணக்கு. காலம் முடிந்தால் திரும்பலாம், பலர் திரும்பியும் போனார்கள். ஆய்வாளருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம்: ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த ஆள் குடியேறினார் என்று எழுதக்கூடாது. ஒப்பந்தம் புறப்பாட்டுக்கான சான்று. தங்கியதற்குச் சான்று கனடாவில் அவர் பெயரில் நடந்த திருமணம், நிலப்பத்திரம், 1666, 1667 குடிக்கணக்கு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. அந்தக் குடிக்கணக்குகளில் உள்ள வயதைப் பிறந்த ஆண்டாகக் கழித்து எழுதுவதும் ஆபத்து. 30, 40 என்று முழு எண்ணில் சொல்லும் பழக்கம் அதிகம். இரண்டு கணக்கெடுப்புக்கும் இடையில் ஒரே ஆண்டில் பல வயது கூடியவர்கள் உண்டு, குறைந்தவர்களும் உண்டு.

1657: ஓஸான் வந்தாள்

வந்து பத்து ஆண்டுகள் கழித்தே பியேருக்குத் திருமணம். ஆண்கள் நிறைய, பெண்கள் கைவிட்டு எண்ணும் அளவு; காலனியின் மொத்த மக்கள்தொகையே 1663இல் 3,000 பேர்தான். 1657 அக்டோபர் 2 அன்று கியூபெக் நோத்ர்-தாம் கோவிலில் பியேர் ஓஸான் ஆஷோனை மணந்தார். ஓஸான் லா ரோஷெல் துறைமுகத்தை அடுத்த ஓனிஸ் வட்டாரப் பெண். 'ஓஸான்' என்பது 'ஓசன்னா'வேதான். குருத்தோலை ஞாயிறன்று நம் கோவில்களிலும் ஒலிக்கும் அதே சொல், பெண் பெயராக.

ஓஸானை 'அரசனின் மகள்' என்று எழுதிவிடுவது இணையத்து மரங்களில் சலிக்காமல் வரும் பிழை. அரசரின் செலவில் மணப்பெண்கள் அனுப்பப்பட்ட திட்டம் 1663 முதல் 1673 வரை நடந்தது. அதில் வந்தவர்கள் சுமார் 800 பேர். ஓஸான் வந்தது அதற்கு ஆறு ஆண்டு முன்னால். அரசு வரதட்சணை இல்லாமல் வந்த இந்த முந்தைய பெண்களை ஆய்வாளர்கள் 'திருமணத்துக்கு வந்த பெண்கள்' என்று தனியாகப் பிரிக்கிறார்கள். வேறுபாடு வெறும் பட்டம் பற்றியதல்ல: திட்டத்தில் வந்தவர்களுக்கு அரசுப் பதிவு தேடலாம்; ஓஸானுக்குத் தேடினால் நேரம்தான் வீண்.

தம்பதிக்கு 12 குழந்தைகள். வீடு செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் போப்ரே கரையில், லான்ஜ் கார்தியேன் என்ற கோவில் பங்கில். பியேர் 1680களின் கடைசியில் இறந்தார். ஓஸான் 1707 டிசம்பரில். பெயரைக் கடத்திய மகன்கள் நால்வர்: மிஷெல், பியேர், ஜாக், லூயி. இன்றைய ட்ராம்ப்லே எவரும் இந்த நால்வரில் ஒருவரின் கொடி என்பதால், வம்சாவளி எழுதுபவரின் கடைசிக் கேள்வி எப்போதும் 'நீங்கள் எந்த மகன் வழி?' என்பதே.

நான்கிலிருந்து 82 ஆயிரம்: கணக்கு

இது சாத்தியமா என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 82 ஆயிரத்தில் ஆண்கள் 41 ஆயிரம். ஒரே நேரத்தில் தாத்தா, அப்பா, பேரன் என மூன்று தலைமுறை உயிரோடு இருக்கும். ஆக ஒரு தலைமுறைக்குச் சுமார் 13 ஆயிரம் ஆண்கள். நான்கு மகன்களும் பிறந்தது 1660களை ஒட்டி. 1970களில் பிறந்தவர் வரை சுமார் 310 ஆண்டுகள். ஆண்வழித் தலைமுறைக்கு 31 ஆண்டு என்றால் 10 தலைமுறை. நான்கைப் பத்து முறை பெருக்கி 13 ஆயிரத்தை எட்ட, ஒவ்வொரு முறையும் 2.25ஆல் பெருக்கினால் போதும். அதாவது ஒவ்வொருவருக்கும் குடும்பம் நடத்திப் பெயரைத் தொடரும் மகன்கள் சராசரி இரண்டேகால். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சாதாரணமாக இருந்த கிராமப்புறக் கியூபெக்கில் இது அதிசயமே அல்ல.

உண்மையான அதிர்ஷ்டம் முதல் படியில். சராசரி 2.25 என்று வைத்து எளிய நிகழ்தகவுக் கணக்கு போட்டால், ஒரே ஒரு மகன் இருக்கும் குடும்பத்தின் பெயர் என்றாவது அற்றுப்போகும் வாய்ப்பு 15 சதவீதம் வருகிறது. நான்கு மகன் என்றால் அந்த 15ஐ நான்கு முறை தன்னோடு பெருக்க வேண்டும்: இரண்டாயிரத்தில் ஒன்று. நிஜக் குடும்பங்களில் ஒருவருக்கு எட்டு மகன், இன்னொருவருக்குப் பூஜ்யம் என்று ஏற்றத்தாழ்வு அதிகமிருக்கும், ஆகவே அற்றுப்போகும் வாய்ப்பும் இதைவிடக் கூடுதல். ஆனால் நான்கு கிளை என்பது எவ்வளவு பெரிய காப்பு என்பது புரியும்.

பெயரின் பெருக்கத்தை வாரிசுகளின் பெருக்கம் என்று படித்துவிடக்கூடாது. 1634இல் மோர்த்தாஞ்சிலிருந்து வந்த தச்சர் ஸக்காரி க்ளூத்தியேக்கு 1800க்குள் மணமான வாரிசுகள் 10,850 பேர் என்று மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் கணக்கிட்டது. முன்னோடிகளில் முதலிடம் அவருக்குத்தான். ஆனால் பெயர்ப்பட்டியலின் முதல் பத்தில் க்ளூத்தியே இல்லை. அவர் ரத்தம் மகள்கள் வழியாக மற்ற எல்லாப் பெயர்களுக்குள்ளும் போய்விட்டது. பங்காளி வழி ஒரு இழை; மாமன் மச்சான் வழியில் போனதைப் பெயர் காட்டாது.

நிலம் தள்ளிய திசை

போப்ரே கரை நிலங்கள் ரிப்பன்போல வெட்டப்பட்டவை: ஆற்றின் முகப்பில் இரண்டு மூன்று ஆர்பான் அகலம், உள்ளே மலை வரை நீளம். ஓர் ஆர்பான் சுமார் 58 மீட்டர். மூன்று ஆர்பான் முகப்பு 175 மீட்டர். ஆறுதான் சாலை, ஆகவே எல்லோருக்கும் முகப்பு வேண்டும். பாரிஸ் வழக்குச் சட்டப்படி சாதாரண நிலம் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிய வேண்டும். 175 மீட்டரை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 44 மீட்டர். அதிலும் அடுத்த தலைமுறை பிரித்தால் வேலி போடத்தான் இடம் மிஞ்சும். அதனால் நடைமுறையில் ஒருவன் மற்றவர்களின் பங்கை வாங்கி நிலத்தை முழுதாக வைத்துக்கொண்டான். மற்றவர்கள் ஆற்றின் கீழ்த்திசையில் புது நிலம் தேடினார்கள்.

அந்தத் தேடல்தான் பெயரின் வழித்தடம். லான்ஜ் கார்தியேனிலிருந்து வடகிழக்கே பே-சான்-போல், அப்புறம் லே-ஸெபூல்மான், அப்புறம் லா மல்பே. லே-ஸெபூல்மான் என்றால் 'மண்சரிவுகள்'. 1663 பிப்ரவரி 5 நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றில் இறங்கியதால் வந்த பெயர். அந்தப் பகுதியின் மானியம் 1710இல் இரண்டாம் பியேரின் கைக்கு வந்தது. கூலியாக வந்தவரின் மகன் நிலப்பிரபு ஆனார். ஷார்ல்வுவா என்ற அந்த மலைவட்டாரத்தில் ட்ராம்ப்லே பெயர் இவ்வளவு அடர்ந்திருப்பதற்கு இந்த ஒரு கிரயம் பெரிய காரணம்: நிலம் பிரித்துத் தரும் அதிகாரமே குடும்பத்திடம் இருந்தது.

1830களில் ஷார்ல்வுவாவும் நிரம்பிவிட்டது. வடக்கே சாகனே ஆற்றுப் பகுதி ஹட்சன் பே கம்பெனியின் குத்தகையில் இருந்தது, குடியேறத் தடை. லா மல்பே ஆட்கள் 21 பேர் பங்கு போட்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். பெயரே 'இருபத்தொருவர் சங்கம்'. மரம் வெட்டும் உரிமம் வாங்கி 1838இல் படகேறினார்கள். பேச்சு மரத்தைப் பற்றி, நோக்கம் நிலத்தின்மேல். தலைவர் அலெக்சி ட்ராம்ப்லே, பட்டப்பெயர் 'பிகோத்தே', அதாவது தழும்பு முகத்தான். மரம் அறுக்கும் ஆலைகளை 1842இல் மர வணிகர் வில்லியம் பிரைஸ் வாங்கிக்கொண்டார். அதே ஆண்டு அந்தப் பகுதி குடியேற்றத்துக்குத் திறந்தது. முதல் 30 ஆண்டு குடியேறிகளில் பெரும்பாலோர் ஷார்ல்வுவாவிலிருந்தே வந்தார்கள். ட்ராம்ப்லே பெயரும் கூடவே வந்தது.

குறைந்த முன்னோர், வேகமான பெருக்கம், மலை மறித்த தனிமை: மூன்றும் சேர்ந்ததில் ஒரு மருத்துவ விளைவும் உண்டு. சாகனே-லாக்-சான்-ஜான் பகுதியில் முதல் வகை டைரோசினீமியா (டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடல் சரியாகச் சிதைக்க முடியாத பரம்பரை நோய்) 1,846 பிறப்புக்கு ஒன்று. மரபணுவைச் சுமப்பவர் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர். கியூபெக்கில் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான பரிசோதனை 1970களிலிருந்து நடக்கிறது. இது 'ட்ராம்ப்லே நோய்' அல்ல. ஆரம்பக் குடியேறிகள் சிலரின் மரபணு எல்லாக் குடும்பங்களுக்கும் பரவியதன் விளைவு. பெயர் எதுவாக இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

ஒரே பெயரில் மூன்று ஜோசஃப்

இந்தப் பெயரில் வம்சாவளி தேடுவது எளிது என்று நினைப்பவர்கள் லா மல்பே பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். தந்தை ட்ராம்ப்லே, தாய் ட்ராம்ப்லே, ஞானத்தந்தை ட்ராம்ப்லே, சாட்சி ட்ராம்ப்லே. போதாக்குறைக்கு ஆண் குழந்தைக்கெல்லாம் முன்னால் 'ஜோசஃப்', பெண் குழந்தைக்கெல்லாம் 'மாரி' என்று சேர்த்து ஞானஸ்நானம் கொடுக்கும் பழக்கம். பதிவில் ஜோசஃப் என்றிருப்பவர் வாழ்நாள் முழுக்க அலெக்சியாக இருந்திருப்பார். இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்ததற்கு வைப்பதும் உண்டு.

ஊரார் இதற்கு வழி கண்டிருந்தார்கள். 'லூயியின் பியேரின் ஜான்' என்று தந்தை, தாத்தா பெயரைக் கோத்துச் சொல்வது, பட்டப்பெயர் சூட்டுவது. பட்டப்பெயர் சில குடும்பங்களில் 'எனப்படும்' என்ற சொல்லோடு பதிவேட்டுக்குள்ளும் நுழைந்தது. தேடுபவர் இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

வேலை நடக்கும் முறை இது. வாழ்பவரிலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறைக்கு ஒரு திருமணப் பதிவு. ஞானஸ்நானம் அல்ல, திருமணம். காரணம், முதல் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாய் தந்தை நால்வர் பெயரும் இருக்கும். தாய்மார் தம் பிறந்தவீட்டுப் பெயரிலேயே குறிக்கப்படுவார்கள். கணவன் பெயரோடு மனைவி பெயரும் பொருந்துவதுதான் சாவி: 'ஜோசஃப் ட்ராம்ப்லே' ஊருக்கு மூவர் இருப்பார்கள், 'ஜோசஃப் ட்ராம்ப்லே, மனைவி இன்னார் பூஷார்' ஒருவர்தான் இருப்பார், அதிகம் போனால் இருவர். விதவையோ மனைவி இழந்தவரோ மறுமணம் செய்தால் பெற்றோர் பெயருக்குப் பதில் இறந்த துணையின் பெயர்தான் எழுதப்படும். உடனே முதல் திருமணத்துக்குத் தாவ வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்ட மரங்கள் தவறான ஜோசஃபின் கிளையில் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இருவர் மிஞ்சினால் விலக்கு ஆணை உதவும். கத்தோலிக்கச் சட்டம் நான்காம் படி உறவு வரை திருமணத்தைத் தடுத்தது: உடன்பிறப்பு முதல் படி, அவர்களின் பிள்ளைகள் இரண்டாம் படி, பேரப்பிள்ளைகள் மூன்று, அடுத்தது நான்கு. நமக்குப் பழகிய முறைப்பெண் கணக்கு அங்கே செல்லாது. அத்தை மகளும் சித்தப்பா மகளும் ஒரே படி. தடையை நீக்க ஆயர் விலக்கு தர வேண்டும். திருமணப் பதிவில் 'மூன்றுக்கு நான்காம் படி விலக்கு' என்று குறிப்பு வரும். மணமக்களில் ஒருவர் பக்கம் மூன்று படி, மற்றவர் பக்கம் நான்கு படி ஏறினால் பொது முன்னோர் கிடைக்க வேண்டும் என்று பொருள். நீங்கள் வரைந்த மரத்தில் அந்த இடத்தில் பொது முன்னோர் இல்லையென்றால் எங்கோ தவறான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். இதைவிடக் கறாரான சரிபார்ப்பு வேறெதுவும் இல்லை. 1917 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தடை மூன்றாம் படியோடு நிற்பதால், அதன்பின் விலக்குக் குறிப்பு இல்லாதது உறவில்லை என்பதற்குச் சான்றாகாது.

அதிலும் தீராவிட்டால் நோட்டரி ஆவணம்: திருமண ஒப்பந்தம், இறந்தபின் எடுக்கும் சொத்துப்பட்டியல், பங்குவிற்பனை. சகோதரர்கள் ஒருவருக்கொருவர் நிலப்பங்கை விற்ற பத்திரத்தில் எல்லோர் பெயரும் மனைவி பெயரோடு வரிசையாகக் கிடைக்கும்.

பதிவேடு எரிந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கியூபெக்கில் பெரும்பாலும் நல்ல பதில் உண்டு. பிரெஞ்சு அரசின் 1667 ஆணை பதிவேட்டை இரண்டு பிரதியாக வைக்கச் சொன்னது: ஒன்று கோவிலில், ஒன்று நீதிமன்றத்தில். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். விதிவிலக்கு, கியூபெக் நகர்க் கோவில் 1640இல் எரிந்தபோது போனவை. அதற்கு முந்தைய பதிவுகள் நினைவிலிருந்து திரும்ப எழுதப்பட்டவை. 1657 அந்த எல்லைக்கு இப்பால்.

பிரான்ஸ் பக்கம் தேடுபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: ராந்தோனே 2016 ஜனவரி 1 முதல் தனி ஊராட்சி அல்ல, தூரூவ்ர்-ஓ-பெர்ஷ் என்ற புது ஊராட்சியில் சேர்ந்துவிட்டது. இன்றைய ஊர்ப்பட்டியலில் காணவில்லையே என்று குழம்ப வேண்டாம். பழைய பதிவேடுகள் ஓர்ன் மாவட்ட ஆவணக்காப்பகத்தில் பழைய பெயரிலேயே இருக்கின்றன.

எல்லை தாண்டியபோது எழுத்து மாறியது

எழுத்தில் 'ட்ரெம்ப்லே' என்றிருந்தாலும் பிரெஞ்சு வாய் அதை மூக்கொலியோடு 'ட்ராம்ப்லே' என்றுதான் சொல்லும். ஆங்கிலக் காதுக்கு அந்த மூக்கொலி 'ட்ராம்', 'ட்ரோம்' இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் டெட்ராய்ட் பக்கம் போன கிளை 'ட்ராம்ப்ளி' என்று ஆங்கிலத்தில் 'ஓ' போட்டு எழுதப்பட்டது. மிச்சிகனின் பே சிட்டியில் அந்தப் பெயரில் ஒரு பழைய மரவீடு இன்னும் நிற்கிறது. 1840 முதல் 1930 வரை சுமார் 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர் அமெரிக்கா போனார்கள். லோவெல், மான்செஸ்டர், ஊன்சாக்கெட் ஊர்களின் பஞ்சாலைகள் இழுத்தன. அங்கே ஆலைச் சம்பளப் பட்டியல் எழுதிய குமாஸ்தா கேட்டதைக் கேட்டபடி எழுதினார்: ட்ராம்ப்ளி, ட்ரம்ப்ளி, ட்ரம்பிள், ட்ரெம்பிள்.

பிரான்ஸில் புரட்சி அரசின் 1794 சட்டம் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் கூடாது என்று எழுத்தை உறையவைத்தது. அதற்குள் கனடா பிரிட்டனிடம் போய் 30 ஆண்டுகளாகிவிட்டதால் அந்தச் சட்டம் இந்தக் குடும்பத்தைத் தொடவே இல்லை. கியூபெக்கில் எழுத்தைக் கட்டிக்காத்தது சட்டமல்ல, பங்குத் தந்தையின் பழக்கம். அவர் இல்லாத இடத்தில் எழுத்து அவிழ்ந்தது. எனவே அமெரிக்கப் பதிவுகளில் தேடும்போது எழுத்தை நம்பாமல் ஒலியை நம்ப வேண்டும். பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து, பிரெஞ்சு தெரியாதவர் எப்படியெல்லாம் எழுதுவார் என்று பட்டியல் போட்டுக்கொண்டு தேட வேண்டும். 'ட்ரம்பிள்' என்ற எல்லோரும் இந்த வம்சம் அல்ல. அதே எழுத்தில் பிரிட்டிஷ் பெயரும் உண்டு. குடும்பம் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போனதா, மனைவி பெயர் என்ன, 1900 முதலான கணக்கெடுப்புகளில் பிறந்த இடம் 'பிரெஞ்சுக் கனடா' என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுப் பெயர் கண்ட இடமெல்லாம் பிரெஞ்சு ரத்தம் தேடுவதற்கு எதிரான சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தம் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் பலர் பிரெஞ்சுப் பெயர் எடுத்தார்கள். அந்தப் பெயர்கள் சொல்வது ஒரு சட்டத் தேர்வை, கொடிவழியை அல்ல.

மரபணுவின் பங்கு

காகிதத்தில் பியேர் வரை போனபின் ஒய் குரோமோசோம் சோதனையால் சரிபார்க்கலாம். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவதால் அது குடும்பப் பெயரின் பாதையிலேயே நடக்கும். பியேருடைய எலும்பு தேவையில்லை. வெவ்வேறு மகன்கள் வழி வந்த இருவரை, சொல்லப்போனால் மிஷெல் வழி ஒருவர், லூயி வழி ஒருவர், சோதித்து முடிவுகள் பொருந்தினால், பொருந்திய அடையாளம் தந்தை பியேருடையது. மூன்றாம் நபரின் முடிவை இதோடு ஒப்பிடலாம். 12 குறியீடுகள் (குரோமோசோமில் ஒப்பிடும் இடங்கள்) மட்டும் பார்க்கும் மலிவான சோதனையில் உறவில்லாத மேற்கு ஐரோப்பியர் பலரும் ஒத்துப்போவார்கள். குறைந்தது 37, முடிந்தால் 111 வேண்டும். 37இல் ஒன்றிரண்டு வித்தியாசம் பத்துத் தலைமுறையில் இயல்பு. ஐந்தாறு என்றால் காகிதத்தை மறுபடி திறக்க வேண்டும்.

பொருந்தாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாட்டியை அல்ல, தேடியவரை. மேலே சொன்ன தவறான ஜோசஃப்தான் பெரும்பாலான பொருத்தமின்மைக்குக் காரணம். அதற்கடுத்து தத்து: அனாதைக் குழந்தையை உறவினர் வளர்த்துத் தம் பெயரைக் கொடுப்பது. விலக்குக் குறிப்பு, மனைவி பெயர், நோட்டரி பத்திரம் மூன்றையும் வரிசையாகப் பார்த்து, எந்தத் தலைமுறையில் சான்று மெலிந்திருக்கிறதோ அந்தக் கிளையின் இன்னொரு ஆணைச் சோதித்தால் முறிவு எந்த இரு திருமணங்களுக்கு நடுவில் என்பது தெரிந்துவிடும்.

ஓஸானின் அடையாளத்தை இந்தச் சோதனை காட்டாது. அது மகள்கள் வழியாக, தாயிடமிருந்து மகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறும் கோடு அது. அதைத் தேட வேண்டுமானால் 1657 திருமணத்திலிருந்து மகளின் மகளின் மகள் என்று கீழ்நோக்கி இறங்க வேண்டும், முடியும் இடத்தில் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் ட்ராம்ப்லேயாக இருக்காது.